தங்கச்சியின் கம்பியூட்டருக்கு நான் வைத்த எல்லை

என் தங்கச்சியின் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப் போகும் கம்பியூட்டர் விஷயம் ஒன்றும் விளங்காது. அவள் என்னை விட ஏழு வயது இளையவள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் மேல் நான் உயிரையே வைத்திருக்கிறேன் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். இந்த இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

கல்முனையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொழில்தான் செய்கிறோம். வீடு கட்டப் போகிறவர்களுக்கு, கட்டி முடித்த பிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்று கம்பியூட்டரில் படமாகச் செய்து காட்டுவது. எங்கள் பக்கத்தில் மகள் பிறந்த அன்றே வாப்பாவுக்கு வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். முன்பெல்லாம் மேசன் பாஸ் மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினாலே போதும். இப்போது மணப்பெண்கள் குசினி ஜன்னலில் காலை வெயில் விழுமா என்று படத்தில் பார்த்த பிறகுதான் தலையாட்டுகிறார்கள். அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்தப் படத்தைக் கம்பியூட்டர் ஒரேயடியாகத் தந்துவிடாது. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே போகிறது என்று ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் பார்த்துத்தான் தரும். ரெண்டர் என்போம். அந்தக் கணக்கைப் பார்ப்பது புரொசஸர். அது கெதியாக ஓடினால் படம் கெதியாக வரும், படம் கெதியாக வந்தால் ஆள் நம்மிடமே திரும்பி வரும். எங்கள் தொழிலில் புரொசஸர்தான் சீவன்.

என் கம்பியூட்டரை நான் என் உழைப்பில் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு புரொசஸர் பெட்டிகளை மேசையில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்றுக்கு மட்டும் கடைசியில் ஒரு எழுத்துக் கூட. "இந்த எழுத்து என்னத்துக்கு?" என்று கேட்டேன். "அது கேம் அடிக்கிற பொடியனுகளுக்கு. நீங்க வீட்டுப் படம் கீறுற ஆள்தானே, உங்களுக்கு இது காணும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். 'உங்களுக்கு இது காணும்' என்ற சொல்லுக்காக அந்த மனுசனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அந்த எழுத்தின் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. எழுத்து உள்ளது திறந்த புரொசஸர். கம்பனி வைத்த வேகம் போதாது என்றால் வாங்கினவரே வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஓவர்க்ளொக் பண்ணுவது என்பார்கள். எழுத்து இல்லாதது பூட்டிய புரொசஸர். இரண்டையும் ஒரே தகட்டில்தான் செய்து எடுக்கிறார்கள், பிறகு ஒன்றைத் திறந்து விடுகிறார்கள், மற்றதைப் பூட்டி விடுகிறார்கள். என்னுடையதில் கூட்டிப் பார்ப்போம் என்று, கம்பியூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸுக்குள் போனேன். வேகத்தை மாற்றும் அந்த வரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. எத்தனை தரம் தட்டினாலும் அசையவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாங்கினது நான். கரண்ட் பில் கட்டுவது நான். சுட்டால் சுடுவது என் மேசை. பூட்டுப் போட நீ யார்? அன்றைக்குத் தங்கச்சி வீட்டுக் குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருக்க, நான் பலகையில் உட்கார்ந்து கம்பனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினேன்.

அவள் படித்தவள். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். "ராத்தா, எல்லாத்தையும் திறந்து விட்டா தெரியாத ஆக்கள் எல்லாம் கூட்டிப் பார்த்து எரிச்சுப் போடுவாங்க. மறுகா வாரண்டி எண்டு தூக்கிட்டு வந்து கம்பனிட வாசல்ல நிப்பாங்க."

"நிண்டா நிக்கட்டுமே. கூட்டினா உன்ட பாடு எண்டு பெட்டியில எழுதி ஒட்டினாச் சரிதானே?"

"எல்லாப் புரொசஸர்ச் சில்லும் ஒரே மாதிரித் தாங்காதாம் ராத்தா. தாங்குறதப் பார்த்துப் பிரிச்செடுத்துத்தான் திறந்து விடுறாங்களாம்."

"தாங்குமா தாங்காதா எண்டு என்டத ஆர் பார்த்த? சொல்லு, ஆர் பார்த்த?"

நான் கத்திய கத்தலில் மீனுக்குக் காத்திருந்த பூனை எழும்பி ஓடிவிட்டது. அவள் கத்தியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு சில்லுக்காக ராத்தா ஏன் இந்தப் பாடுபடுகிறா என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். வாப்பா எனக்காக வீடு கட்டத் தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். கூரை போட்ட மாதத்தில் என் பெறுபேறு வந்தது. கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே மாதத்தில் மாப்பிள்ளையும் கிடைத்தார். "வீட்டக் கட்டி முடிச்சிட்டு இன்னும் என்னத்துக்குப் புள்ளய வெச்சிக்கிட்டு இரிக்கிற?" என்று ஊர் கேட்டது. வாப்பா கலியாணத்துக்கு நாள் குறித்தார். வீடு முடிந்தது, அதோடு என் படிப்பும் முடிந்தது. எனக்குக் கிடைத்த மனுசர் நல்லவர், அதில் குறையில்லை. நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறார், பொழுது சாய வீட்டுக்கு வருவார், நான் என்ன சமைத்தாலும் சாப்பிடுவார். ஆனால் கம்பஸ் கடிதத்தை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

தங்கச்சியின் முறை வந்தபோது வாப்பாவின் கை சுருங்கிவிட்டது. அவருடைய வயலில் இரண்டு போக நெல்லும் வெள்ளத்தில் போனது. அவளுடைய வீடு அத்திவாரத்தோடு நின்றது. "வீடு முடியுற வரைக்கும் புள்ள சும்மா இரிக்கிறதுக்குப் படிக்கட்டுமே" என்று வாப்பாவே சொன்னார். வீடு முடியவில்லை, அவள் கட்டிடக் கலையில் பட்டதாரி ஆகிவிட்டாள். வீடு முந்திக் கிடைத்ததால் நான் கெட்டேன், வீடு பிந்தினதால் அவள் தப்பினாள். இதற்கு ஆரை ஏசுவது? வாப்பாவை ஏச முடியாது, அவர் மண்ணுக்குள் போய்விட்டார். தங்கச்சியை ஏச முடியாது, அவள் ஒன்றும் செய்யவில்லை. கம்பனிக்காரன் நல்ல வசதியாக அகப்பட்டான்.

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான் வீட்டுப் படம் வரையும் படிப்பு ஒன்றைப் படித்தேன். தொழிலை முதலில் தொடங்கியது நான். கடைசியாக என் வீட்டுச் சுவரோடு ஒட்டி அவளுக்கும் ஒரு வீடு எழும்பியது, அவளும் அதே தொழிலைத் தொடங்கினாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடப்பு. கடப்பைத் திறந்து உள்ளே வருகிறவர்கள் இடப்பக்கம் திரும்பினால் நான், வலப்பக்கம் திரும்பினால் அவள். நான் ஜன்னல் சீலையை விலக்கி, வருகிறவர்களின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். அது ஒரு வியாதி மாதிரிப் பிடித்துவிட்டது.

அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் கட்டிட வேலைகளை மேற்பார்வை செய்கிறார். அவளிடம் இருந்த பழைய மடிக்கணினி இழுத்து இழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் சாமான் அனுப்பினார். பெட்டியைப் பிரித்தாள். என்னுடைய அதே புரொசஸர், கடைசியில் அந்த எழுத்தோடு. அதைத் திறந்து ஓட்டக்கூடிய மதர்போர்ட்டும், சூட்டைத் தணிக்க என் கைக்குள் அடங்காத கூலரும் சேர்த்து அனுப்பியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"ராத்தா, நீங்கதான் பொருத்தித் தரணும். எனக்கு இதுகளத் தொடவே பயம்" என்றாள். படித்தவளுக்கு வராத ஒன்று எனக்கு வரும் என்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையோடுதான் போய் உட்கார்ந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. அவள் மகளை உறங்கவைக்க உள்ளே போனாள். நான் எல்லாவற்றையும் பொருத்தி, எங்கள் மென்பொருளையும் போட்டு, காரைதீவில் ஒரு டீச்சருக்காக நான் செய்த வீட்டுப் படத்தை ஓடவிட்டேன். என்னுடைய கம்பியூட்டரில் அது பதினொரு நிமிஷம். அவளுடையதில் ஒன்றும் கூட்டாமலே ஆறு நிமிஷத்தில் வந்து நின்றது; பூட்டியதற்குக் கம்பனி அளந்து விடும் கரண்டைத் திறந்ததற்குத் தாராளமாக விட்டிருந்தது. பயோஸுக்குள் போனேன். எனக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்த அந்த வரி இங்கே வெள்ளையாக இருந்தது, தட்டினால் திறந்தது. கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஐந்து நிமிஷம். சூடும் அளவோடுதான் இருந்தது. அந்தப் பெரிய கூலர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பஸும் உனக்கு, எழுத்தும் உனக்கா?

பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கூட்டியதை எல்லாம் குறைத்தேன். அதோடு நிற்கவில்லை. புரொசஸருக்குப் போகும் கரண்டுக்கு ஒரு எல்லை வைக்கும் இடம் பயோஸில் இருக்கிறது. அதைக் குறைத்து ஓடவிட்டேன், எட்டு நிமிஷம். இன்னும் குறைத்தேன், பத்து. இன்னும் ஒரு சொட்டுக் குறைத்தேன். பதினொன்று. என்னுடையதற்குச் சமம். என்னுடையதை விட மெதுவாக ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் தேத்தண்ணியோடு வந்தாள். "எப்படி ராத்தா?"

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா வேகத்தக் கூட்ட ஏலா. நம்மட கடற்கரைச் சூட்டுக்கும், கரண்ட் ஏறி இறங்குற சீருக்கும் இதுதான் எல்லை. இதுக்கு மேல போனாச் சுட்டுப் போயிடும்."

சொல்லும்போதே அது அவளுடைய கதை என்று தெரிந்தது. மீன் வெட்டிக்கொண்டு கம்பனிக்காரனுக்காக அவள் பேசிய அதே கதை இப்போது என் வாயில் வந்தது. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன். அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும்" என்று சொல்லிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். குடிக்க முடிந்ததுதான் இப்போது யோசித்தால் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக் கம்பியூட்டரும் ஒரே வேகம். எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. கடப்பைத் திறந்து வருகிறவர்களின் கால் இன்னும் வலப்பக்கமே திரும்பியது. அவளுடைய படங்களில் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் அந்தச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்ளலாம் போல இருக்கும். என்னுடைய படங்களில் எல்லாம் சரியாக இருக்கும், அவ்வளவுதான். முன்பென்றால் அவளுக்கு நல்ல மெசின் வந்துவிட்டது, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று சொல்லித் தப்பியிருப்பேன். வேகத்தை நானே சமமாக்கிவைத்த பிறகு சொல்ல எனக்கு ஒரு சாக்கும் இல்லை. எரிச்சல் இன்னும் கூடியது.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் தங்கச்சி என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். அப்படி ஓடி வருகிறவள் இல்லை. கட்டாரில் அவளுடைய மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு அலுவலகம் பெரிய பெரிய வீடுகளுக்குப் படம் செய்கிறதாம். இவளுடைய வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி மூன்று நிமிஷ வீடியோ ஒன்று செய்து பத்து நாளில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்தால் மாதாமாதம் வேலை. அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. இந்த வேலை கிடைத்தால் அவர் மறுபடி கையெழுத்து வைக்காமல் ஊருக்கே வந்துவிடுவார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். அவர்களுடைய மகளுக்கு ஐந்து வயது. வாப்பா என்றால் அவளுக்குப் போனுக்குள் இருக்கிற ஆள். படுக்கப் போகுமுன் போன் கண்ணாடியில் முத்தம் கொடுத்துவிட்டுத் துடைத்து வைப்பாள்.

"துஆ செய்ங்க ராத்தா" என்றாள். செய்தேன். வாயால் மட்டும் பிரார்த்தித்தேன்.

வீடியோ என்றால் படங்களை அடுக்குவதுதான். ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம். மூன்று நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு படம். வீட்டைக் கம்பியூட்டரில் கட்டி முடிக்கவே அவளுக்கு நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் காலையில் ரெண்டரைத் தொடங்கினாள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நிமிஷம் எடுத்தது. மனக்கணக்கில் நான் கெட்டி. அந்த வேகத்தில் ஓய்வில்லாமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் வேண்டும். அவளிடம் இருந்தது ஆறு நாள். நான் வைத்த எல்லையை எடுத்து வேகத்தையும் கூட்டிவிட்டால் ஐந்து நாளுக்குள் முடிந்துவிடும். இதை எல்லாம் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ராத்தா, கொஞ்சம் கூட்ட ஏலாதா? இந்த ஒரு கிழமைக்கு மட்டும். சுட்டாலும் பரவாயில்ல, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

பத்து நிமிஷ வேலை. எழும்பிப் போய் நான்கு இலக்கங்களை மாற்றினால் முடிந்தது. நான் எழும்பவில்லை. "விசர்க் கதை கதைக்காத. சுட்டா மெசினும் போகும், வேலையும் போகும். உள்ளதும் இல்லாமப் போயிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். இன்றைக்குக் கூட்டினால், முன்பு ஏன் ஏலாது என்றீர்கள் என்று கேட்பாள் என்ற பயம் ஒன்று. அது பாதிதான். மற்றப் பாதி, அவள் செய்த முதல் சில படங்களை நான் அன்று காலையில் பார்த்திருந்தேன். நடு முற்றத்தில் ஒரு மாதுளை மரம், அதன் நிழல் தரையில் விழுந்து சுவரில் ஏறிக் கிடந்தது. அப்படி ஒன்றை என்னால் இந்தச் சென்மத்தில் செய்ய முடியாது. அது கடல் தாண்டிப் போகக் கூடாது என்று நான் நினைத்தேன். நினைத்தேன், அதுதான் உண்மை.

அவள் "சரி ராத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாள் போதாது என்று படங்களின் தரத்தைக் குறைத்தாள். சில இடங்களில் வீடியோவையே வெட்டிச் சுருக்கினாள். மாதுளை நிழல் முழுக்கப் புள்ளி புள்ளியாகிப் போனது. பத்தாம் நாள் அனுப்பினாள். நான்கு நாள் கழித்து, நன்றி, வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த நாள், மா அரிக்க இரவல் வாங்கிய மாவரியைத் திருப்பிக் கொடுக்க அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவள் போனை மேசையில் சாய்த்து வைத்து அவரோடு கதைத்துக்கொண்டே மகளுக்குத் தலை வாரினாள். நான் வாசலில் நிற்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

"மெசின் தாங்கலண்டா நீ என்ன செய்யுற" என்றார் அவர். "வேகத்தக் கூட்டலாம் எண்டு இஞ்ச ஒராள் சொன்னாரே?"

"இல்ல, ராத்தா பார்த்துட்டுத்தான் சொன்னா, இதுக்கு மேல ஏலா எண்டு. ராத்தாக்குத் தெரியாததா?"

"அதுவும் சரிதான். மதினி சொன்னா ஒரு காரணம் இரிக்கும். நான் இண்டைக்குக் காலையில கையெழுத்து வெச்சிட்டன் புள்ள. ரெண்டு வருஷம்தானே. கண்ண மூடித் திறக்கப் போயிடும்."

மாவரியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் மனுசர் வயலால் வந்து, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். தலையிடி என்றேன்.

மறுநாள் லுஹர் தொழுதேன். துஆவுக்கு ஏந்திய கையைக் கீழே இறக்கினேன். எழும்பி நேரே அவளிடம் போனேன். அவள் ஆரோ ஒருவரின் மாடிப்படியைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"உன்ட மெசின் என்டத விட ரெண்டு மடங்கு கெதியா ஓடும்" என்றேன்.

"என்ன ராத்தா?"

"ஓடும். நான் ஓட்டிப் பார்த்த. நான்தான் குறைச்சு வெச்ச."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சூட்டுக்கா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தப்பியிருக்கலாம். அவளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல. எரிச்சல்ல."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். நான் அழத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நான் வந்து கேட்டனே ராத்தா" என்றாள். "சுட்டாலும் பரவாயில்ல எண்டு வந்து கேட்டனே."

"ஓம்."

"அப்பவும் தெரியுமா?"

"ஓம்."

உள்ளே மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விளையாடும் சத்தம் கேட்டது. தங்கச்சி எழும்பிக் கதிரையை என் பக்கம் தள்ளினாள். "கூட்டுங்க" என்றாள்.

உட்கார்ந்து கூட்டினேன். அவள் பின்னால் நின்று, நான் தட்டும் ஒவ்வொரு இடத்தையும் போனால் படம் எடுத்தாள். இது என்னத்துக்கு, அது என்னத்துக்கு என்று கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை, கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டாள். முடிந்ததும் அந்த மாதுளை மரத்துப் படம் ஒன்றைத் தரம் குறைக்காமல் ஓடவிடச் சொன்னாள். ஓடியது. ஒன்றரை நிமிஷத்துக்குள் வந்து நின்றது. அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். நிழல் சுவரில் ஏறிக் கிடந்தது, ஒரு புள்ளி இல்லாமல்.

"இப்ப எழும்புங்க ராத்தா" என்றாள்.

எழும்பினேன். அவள் உட்கார்ந்து மறுபடி பயோஸுக்குள் போய், ஒரு கடவுச்சொல்லைப் போட்டாள். நான் பார்க்காமல் இருக்க விசைப்பலகையின் மேல் மற்றக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டாள். முதல் நாள் அதைத் தொடவே பயம் என்றவள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கினவள் அவள், பூட்டுப் போட்டவளும் அவள். அந்தப் பூட்டோடு வாதாட என்னிடம் ஒரு கதையும் இல்லை.

இப்போதும் வீடு கட்ட வருகிறவர்களோடு சில பொடியனுகள் வருவார்கள். என் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, கம்பனிக்காரன் ஓவர்க்ளொக்கைத் தடுப்பது சரியா பிழையா என்று வாயைக் கிளறுவார்கள். முன்பென்றால் கடப்பு வரைக்கும் கேட்கக் கத்தியிருப்பேன். இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். பூட்டுகிறதென்றால் பூட்டட்டும், திறக்கிறதென்றால் திறக்கட்டும். தாங்குகிற ஒன்றைத் தாங்காது என்று மட்டும் சொல்ல வேண்டாம். தாங்கும், ஆனால் உனக்குத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். வாங்குகிறவள் ஏசிவிட்டு வேறு கடைக்குப் போவாள். நம்பி உட்கார்ந்திருக்க மாட்டாள்.

தங்கச்சி இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனுசருக்குத் தெரியாது. உம்மாவுக்கும் தெரியாது. கறி ஆக்கினால் எனக்கு ஒரு கோப்பை வரும், நானும் அனுப்புவேன். கடப்படியில் கண்டால் ஸலாம் சொல்வாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவளுடைய படங்களைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. ஆனால் இப்போது அவள் என்னிடம் படங்களைக் காட்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள். போனில் அவளுடைய மாப்பிள்ளை. எல்லாரோடும் கதைத்துவிட்டு என்னோடும் கதைக்க வேண்டும் என்றாராம்.

"மதினி" என்றார், "நீங்க பக்கத்தில இரிக்கிறதாலதான் நான் இஞ்ச நிம்மதியா இரிக்கன். அந்த மெசின் விஷயத்திலயும் அவளுக்கு நீங்க நல்ல உதவி. உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்க, வாறப்ப கொண்டு வாறன்."

தங்கச்சி போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. நான் போனை விட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"கதைங்க ராத்தா" என்றாள் அவள். "அவர் காத்துக்கொண்டு இரிக்கார்."